82 இருந்தால் சுவிட்சைப் போடு

போன அக்டோபரில் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி 19 வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு 20 வெள்ளி எடுத்து வைத்தார்கள். மொத்தம் 380 வெள்ளி. பெரிய காசு இல்லைதான். ஆனால் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பால்மரம் சீவி, செம்பனைக் குலை சுமந்து ஓய்ந்துபோன தோட்டத்துச் சனங்கள். ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து 5 வெள்ளித் தாள் நான்கை ஒவ்வொன்றாக எண்ணித் தந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் சொன்ன வார்த்தை இதுதான்: "கோயில் சோலார் பேனல் போயிடுச்சு, புதுசு ஒன்னு போடணும்." பிறைத் தொழிற்பேட்டையில் 16 வருசமாக சர்க்யூட் போர்டு சோதிக்கிறவன் சொன்னால் கோயில் கமிட்டியில் யார் எதிர்த்துப் பேசப்போகிறார்கள்? பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்தச் சின்னத் திரையை வாசிக்கத் தெரியவில்லை.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபாலைத் தாண்டி, செம்பனைக்குள் மண்சடக்கில் இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு அரசமரம், ஒரு தகரக் கொட்டகை, உள்ளே முறுக்கு மீசையோடு முனியாண்டி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை இடித்துச் சனங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போனபோது மின்கம்பியும் கழன்றுபோனது. சாமி மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். பூசை செய்வது என் தாய்மாமா. மூன்று வருசத்துக்கு முன்னால், ஏதோ ஒரு ஃபேக்டரிக் கூரையிலிருந்து கழற்றிய 330 வாட் பேனல் இரண்டை மாமாவின் மகன் லோரியில் ஏற்றிவந்து மாட்டினான். லைசென்ஸ் உள்ள வயர்மேன் அவன். இரண்டு பேனலும் தொடர் இணைப்பு. கீழே பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர், 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர். கருவறையில் ஓயாமல் எரியும் 8 வாட் விளக்கு, உண்டியலை யாரோ உடைத்த பிறகு வைத்த கேமரா, சாயங்காலத்துக்கு மூன்று டியூப், வெள்ளிக்கிழமை பாட்டுப் போட ஒரு ஆம்ப்ளிஃபையர். அவ்வளவுதான் எங்கள் மின்சார வாரியம்.

அக்டோபர் இந்தப் பக்கத்தில் மழை மாதம். ஆறு நாள் விடாமல் மூட்டம். ஆறாவது நாள் வெள்ளிக்கிழமையாகப் போனது. கற்பூரத் தட்டை மாமா தூக்கிய நேரத்தில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. சகுனம் சரியில்லை என்று முணுமுணுப்பு. அடுத்த வாரம் நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நான் போய்ப் பார்த்தேன். கொட்டகைத் தகரத்தில் கை வைக்க முடியாத சூடு. கன்ட்ரோலர் திரையில்: 38 வாட். 660 வாட் பேனல், உச்சி வெயிலில், 38. நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று அப்போது தோன்றியது. மச்சானும் தலையாட்டினான். பழைய பேனல்தானே, கழித்துக்கட்டிய சாமான்தானே என்று இருவரும் சேர்ந்து அந்தப் பேனல்களுக்குக் கருமாதி செய்துவிட்டோம்.

அத்தையின் ரைஸ் குக்கர்

காசு சேர்ந்த பிறகு வந்த ஞாயிறு. காலையில் ஒரு பாட்டம் மழை பெய்து விட்டிருந்தது. அடுக்கி வைத்திருந்த விறகெல்லாம் ஈரம். படையலுக்குச் சோறு வடிக்க அத்தை அரைமணி நேரம் ஊதிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே போய் மோட்டோ கூடையிலிருந்து ஒரு சின்ன ரைஸ் குக்கரை எடுத்து வந்தார். வீட்டில் இருவருக்குச் சோறாக்கும் 400 வாட் குக்கர். கேட்கவில்லை, கொள்ளவில்லை, ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினார். "அத்தை, வேணாம், பேட்டரி செத்துரும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிடுங்கப் போகும்போது கண் பழக்கத்தில் திரைமேல் விழுந்தது.

38 என்று கிடந்த எண் 452 ஆகியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். 38. மறுபடி சொருகினேன். இரண்டு மூன்று வினாடி தடுமாறி 300, 410, 452. இன்னொரு கட்டத்தில் பேனல் வோல்ட் என்று ஒரு எண் இருக்கும். அதை நான் அதுவரை பொருட்படுத்தியதே இல்லை. குக்கர் இல்லாதபோது 82. குக்கர் ஓடும்போது 71. "சோறு வேகணுமா வேணாமா? என்ன பிளக்கோட வெளையாடுற?" என்று அத்தை அதட்டினார். அந்த இடத்திலேயே, ஈர மண்ணில், குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். செத்த பேனல் 452 வாட் தராது. அப்படியானால் மத்தியானம் முழுக்க அது சும்மா இருந்தது. கேட்க ஆளில்லாமல் சும்மா இருந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பேட்டரிக்குப் பசி இருக்கும்வரை கன்ட்ரோலர் பேனலை அதன் உச்சத் திறன் கிடைக்கும் வோல்ட்டில் நிறுத்தி உறிஞ்சும். நம் இணைப்புக்கு, வெயிலில் பேனல் கொதித்துக்கிடக்கும் நேரத்தில், அது 64 வோல்ட் பக்கம். பேட்டரி நிறைந்ததும் ஃப்ளோட் என்கிற நிலைக்குப் போய்விடும். அதன்பிறகு பேனலை மெல்ல மெல்ல 82க்கு நகர்த்தி, அந்த நேரத்தில் ஓடும் விளக்குக்கும் கேமராவுக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். திரையில் வருகிற வாட் நாங்கள் செலவழித்த கணக்கு. வெயிலின் கணக்கு அதில் கிடையாது. வீட்டுக் குழாயை இறுக்கி மூடிவிட்டு, மீட்டர் சுற்றவில்லை, மெங்குவாங் அணை வற்றிவிட்டது என்று ஒருவன் ஊரைக் கூட்டினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்திருந்தேன். மின்வாரியமான டிஎன்பியின் இணைப்போடு சோலார் வைத்திருக்கும் தாமான் வீடுகளில் மிச்சம் கம்பி வழியாக வெளியே போய் பில்லில் கழிவாக வரும். எங்களுக்கு அப்படி ஒரு கம்பி இல்லை. எடுக்காத மின்சாரம் மின்சாரமாகப் பிறப்பதே இல்லை. பேனல் கண்ணாடியின் சூட்டோடு சூடாகக் கிடந்து, சாயங்காலக் காற்றில் ஆறிப்போகிறது.

கேட்டால்தான் தெரியும்

வேலையிடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா நிற்கும் எந்திரத்தைப் பார்த்தால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சும்மா என்று கணக்குப் போடாமல் தூக்கம் வராது. இப்போது அந்தப் பேய் கோயில் கூரைமேல் ஏறிக்கொண்டது. எவ்வளவு வீணாகிறது?

காகிதக் கணக்கு இரண்டு நிமிட வேலை. பினாங்கில் ஒரு நாளைய வெயிலைச் சேர்த்துக் குறுக்கினால் நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைக்கலாம். 660 வாட்டை அதால் பெருக்கி, சூடு, தூசி, கம்பி எல்லாவற்றுக்கும் கால் பங்கைக் கழித்தால் 2.2 யூனிட். நாங்கள் செலவழிப்பது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் 1.2. ஆனால் இது வருசம் முழுவதையும் ஒரே நாளாக்கிப் போடும் கணக்கு. அரசமரத்துக் கிளை நாலு மணிக்குப் பேனல்மேல் சாய்வதும், வடக்கே மலைப்பக்கம் மூன்று மணிக்குக் கறுப்பு ஏறுவதும் அதற்குத் தெரியாது.

நேராக அளக்க வழி, அத்தை காட்டிய வழிதான்: கேட்டுப் பார்ப்பது. ஆனால் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அன்று குக்கர் ஓடும்போது வோல்ட் 71ல் நின்றதே, அதன் பொருள் பிறகுதான் உறைத்தது. 64 வரை இறங்கவில்லையென்றால் பேனல் கையில் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் தருவதைவிட அதிகமாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் எண் ஒரு இடத்தில் முட்டி நிற்கும், மீதியை பேட்டரி கொடுக்க ஆரம்பிக்கும். அந்த முட்டிய இடம்தான் அந்த நிமிடத்து வெயில். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்னொரு குக்கர் கடன் வாங்கி, இரண்டிலும் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். 496ல் முட்டியது. வோல்ட் 64. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் வெளியே போனது. முனியாண்டிக்கு எதிரே இரண்டு சட்டி வெந்நீர் கொதிப்பதை மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருக்குடா வெந்நீ? சாமிக்கா?" என்றார்.

நாள் முழுக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் 10 வாட் குட்டிப் பேனல் ஒன்றை வாங்கி, பெரிய பேனல்களுக்குப் பக்கத்தில் அதே சாய்வில் கட்டினேன். அதற்கு வேலையே கிடையாது. இரண்டு முனையையும் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாகக் குறுக்கிணைப்புச் செய்துவிட்டால், மேலே விழும் வெயிலுக்கு ஏற்ற அளவில் அதில் மின்னோட்டம் ஓடும். குறுக்கிணைப்பால் பேனலுக்கு ஒரு கெடுதியும் இல்லை. வெந்நீர் கொதித்த நேரத்தில் அது காட்டியது 0.54 ஆம்பியர். 496ஐ அதால் வகுத்தால், ஆம்பியருக்கு ஏறக்குறைய 920 வாட். இனி குட்டிப் பேனலின் எண்ணை 920 ஆல் பெருக்கினால் பெரிய பேனல்கள் தந்திருக்கக்கூடியது. திரையில் உள்ளதைக் கழித்தால் வீண். காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் குறைவாகச் சொல்லும். என் தேவைக்கு அது போதும்.

தினமும் போக எனக்கு வசதியில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நடை போய்வர பாதி நாள். மாமாதான் எழுதினார். கோயில் வரவுசெலவு நோட்டிலேயே எழுதினார்: "சுருட்டு 2 பாக்கெட். எலுமிச்சை 10. மணி 11 — 0.43, 38." என்று ஒரே வரியில். இரண்டாவது நாளே போன் செய்து, "மாப்ள, உச்சிப்பூசை முடிஞ்சு ஒரு மணிக்கு மேலதான் எண்ணு பெருசா வருது, மீட்டர் சரியில்லையா?" என்று கேட்டார். மீட்டரில் குறையில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்துக் கடிகாரத்தையெல்லாம் அரைமணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பே கடிகாரம் சூரியனுக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது இப்போது ஒன்றேகால் வாக்கில். இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இத்தனை வருசமா உச்சிப்பூசையை முன்கூட்டியே பண்ணிக்கிட்டு இருக்கேனா?" சாமி கோவிச்சுக்க மாட்டார் மாமா, அவரும் மலேசிய நேரத்துக்குப் பழகியிருப்பார் என்றேன்.

ஐஸ்பெட்டி

இரண்டு வாரத்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். சராசரியாக ஒரு நாளைக்குக் கிடைக்கக்கூடியது 1.9 யூனிட். செலவு 1.03. தினம் 0.9 யூனிட் வீண், ஏறக்குறைய பாதி. நல்ல வெயில் நாளில் பேட்டரி பத்தரை மணிக்கே நிறைந்து, அதன்பிறகு வந்ததெல்லாம் வீண். அத்தைக்கு இது தெரிந்தவுடன் கேட்டார்: "அப்ப ஒரு குட்டி ஐஸ்பெட்டி வைக்கலாமா? பாலு, பூவெல்லாம் கெட்டுப்போகுது." அந்த மாதிரி குட்டி ஐஸ்பெட்டிக்கு ஒரு நாளைக்கு 0.8 யூனிட் என்று வைத்தாலும், 0.9ல் 0.8 போனால் 0.1 மிச்சம். கூட்டல் கழித்தல் சரி. நான் சரி என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். ஒரே கோயிலில் இரண்டாவது முறை தப்புச் சொல்லப் பார்த்தேன்.

தடுத்தது அந்த நோட்டுதான். அதில் மூன்று நாள் மட்டும் எண்கள் மிகச் சின்னவை: 0.07, 0.11, 0.09. மழை நாட்கள். அந்த நாட்களில் கிடைக்கக்கூடியதே மொத்தம் 0.6 யூனிட், வீண் பூஜ்யம். சராசரி என்பது வெயில் நாளின் மிச்சத்தை மழை நாளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகப் பாவனை செய்கிறது. உண்மையில் தூக்கிக் கொடுக்க பேட்டரி ஒன்றுதான் உண்டு; அது இரண்டரை யூனிட்டோடு நிறைந்துவிடும். அக்டோபர் ஆறு நாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தினம் 0.43 பற்றாக்குறை, ஆறு நாளில் 2.6. பேட்டரி ஆறாம் இரவு அணைந்ததன் கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்தது. பேனலைக் குற்றம் சொன்ன இரவின் முழு விளக்கம் அந்த ஒரு பெருக்கலில் இருந்திருக்கிறது. ஐஸ்பெட்டியும் இருந்திருந்தால் பற்றாக்குறை தினம் 1.23, மூன்றாம் இரவு வருமுன்னே இருட்டு, பாலும் திரிந்திருக்கும்.

அதைவிட என்னைக் குழப்பிய விசயம் ஒன்று. பாதி மின்சாரம் வீணாகிறது என்று கண்டுபிடித்தவனே, மூன்றாவது பேனல் போட்டால் நல்லது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மழை நாளில் 0.6 என்பது 0.9 ஆகும். வெயில் நாளில் அது முழுக்க வீண்தான். ஆனால் அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமை விளக்கு அணைந்திருக்காது. ஆக நான் தப்பான காரணம் சொல்லிச் சரியான காசைச் சேர்த்திருக்கிறேனோ? மச்சான் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் என்னை ஓட்டினான். அன்னதானத்துக்கு நூறு பேருக்கு உலை வைத்தால் அறுபது பேர் வருவார்கள், மிஞ்சிய சோற்றை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, குறைந்தால்தான் பேச்சு என்று அவன் சொன்னதும் நியாயம்தான். ஃபேக்டரிப் புத்தி எனக்கு அதை ஒத்துக்கொள்ள நாளாகியது.

கடைசியில் வழி வேறு இடத்தில் கிடைத்தது, அதுவும் நோட்டிலிருந்துதான். விளக்கும் கேமராவும் மட்டும் ஓடும் இரவிலும் பேட்டரி கணக்குக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் இன்வெர்ட்டர். யாருக்கும் மின்சாரம் கொடுக்காமல், விழித்திருப்பதற்கு மட்டும் அது 15 வாட் தின்கிறது. 24 மணி நேரத்துக்கு 0.36 யூனிட், எங்கள் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கேமராவையும் கருவறை விளக்கையும் பேட்டரியிலிருந்து நேரடி டிசிக்கு மாற்றினோம். இன்வெர்ட்டருக்கு ஒரு சுவிட்ச். சாயங்காலம் ஐந்து மணி நேரம் மட்டும். மிச்சமானது 0.28 யூனிட்; மழை நாளில் மூன்றாவது பேனல் தரக்கூடிய 0.3க்கு நெருக்கம். சுவிட்சும் கம்பியும் சேர்ந்து 23 வெள்ளி, அதை மச்சான் வாங்கிக்கொள்ளவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு, பேனல் நன்றாக இருக்கிறது, காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். யாரும் திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. அந்த முந்தானைப் பாட்டிதான், சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் நம்மகிட்ட இல்ல என்று முடித்துவிட்டார். அப்போது யாரோ கிணற்றைச் சொன்னார்கள். லயத்துக் காலத்துக் கிணறு, கோயிலுக்குப் பின்னால், இன்னும் நல்ல தண்ணீர். அபிசேகத்துக்கு மாமா இத்தனை வருசமாக வாளியில் இறைத்துச் சுமக்கிறார், வயது 68. அந்த 380 வெள்ளிக்கு ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியும் 24 வோல்ட் டிசி பம்பும் அமைந்தன. பம்பு 180 வாட். ஐஸ்பெட்டி போல அது நாள் முழுக்கக் கேட்காது. வெயில் நாளில் ஒரு மணி நேரம் ஓடினால் மூன்று நாளைக்குத் தண்ணீர், மழை நாளில் ஓடவே வேண்டாம், தகரத்திலிருந்து ஒழுகுவதே தொட்டியில் விழுகிறது. வீணாகும் 0.9ல் அது எடுத்துக்கொள்வது 0.18. மீதி இன்னும் வீண்தான். அதை நினைத்து இப்போது முன்போல அரிப்பதில்லை, கொஞ்சம் அரிக்கிறது.

மாமாவுக்கு ஃப்ளோட், எம்பிபிடி எதுவும் விளக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தகரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "82 இருந்தால் சுவிட்சைப் போடு. 65 இருந்தால் தொடாதே." திருநீறு கரைத்துப் பூசியதில் முதல் வரி பாதி மறைந்துவிட்டது, ஆனால் அவருக்கு மனப்பாடம். வெயில் நாட்களில் ஒன்றேகால் மணிக்கு, நான் ஃபேக்டரி கேண்டீனில் தே குடித்துக்கொண்டிருக்கும்போது, போன் வரும். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"மாப்ள, எண்பத்திரண்டு. தண்ணி விடுறேன்."